கெண்டைக்குஞ்சின் முதற்கவளம்

கார்காலத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்தபின் வருகின்ற நாட்களுக்கென்று ஓர் அமைதி உண்டு. வானம், சொல்ல வந்ததில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை நெஞ்சில் நிறுத்திக்கொண்டதுபோல் தாழ்ந்து நிற்கும். வெயில் வரும், வந்த வீட்டில் உட்காரலாமா கூடாதா என்று தயங்கும் விருந்தாளியைப்போலச் சுவரோரம் சற்று நின்றுவிட்டுப் போய்விடும். மரங்கள் தம்மேல் தங்கிய நீரைத் துளித்துளியாக உதிர்த்து, நின்றுபோன மழையை இன்னொரு முறை தாமே பெய்துகொண்டிருக்கும். நீர்நிலைகளில் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் கலந்து, வெப்பமும் குளிர்ச்சியும் அல்லாத ஒரு நடுநிலையில், மூச்சடக்கித் தவம் இருப்பனபோல் அசையாதிருக்கும். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே பெரியதொரு பேச்சு நடந்து முடிந்து, அதன் பயன் இன்னும் வெளிப்படாத வேளை அது. மண்ணுக்குள் விதை வெடிப்பதும், நீருக்குள் முட்டை உடைவதும் அந்த மௌனத்தில்தான். படைத்தவன் ஓசையின்றி வேலை செய்யும் பருவம் அதுவே.

அந்தப் பருவத்தில்தான் தொட்டிக்காரியின் கெண்டை முட்டையிட்டது.

தொட்டிக்காரி என்பது ஊரார் அவளுக்கு இட்ட பெயர். வீட்டின் பின்புறத்தில் தகரக் கூரை போட்ட நீண்ட கூடம் ஒன்றை எழுப்பி, மீன் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் குளக்காரர்களுக்குக் கொடுப்பது அவள் தொழில். கூடத்தின் ஒரு சுவரோரம் கண்ணாடித் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காற்றுக்கல் கிடந்து, மூலையில் ரீங்கரிக்கும் பம்பிலிருந்து வந்த காற்றைச் சிறு குமிழிகளாக மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. கிழக்குச் சன்னலின் பலகைமேல் வாயகன்ற கண்ணாடிச் சாடிகள் நிறையப் பச்சைத் தண்ணீர். பார்ப்பவர்க்கு அது பாசி பிடித்த நீர், அவளுக்கோ களஞ்சியம். வெறுங்கண்ணுக்குத் தோன்றாத நுண்ணுயிர்கள் அதற்குள் பிறந்து பெருகி, பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கு முதல் உணவாகக் காத்திருந்தன. நீரின் சூட்டை அவள் விரலாலேயே அறிவாள். அறிந்த பின்னும் வெப்பமானியைப் பார்ப்பாள். தன்மேல் நம்பிக்கை உள்ளவள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க அஞ்சாதவள்.

இம்முறை பொரித்தவை குளக்காரர்களுக்கு உரியவை அல்ல. ஆற்றின் மேற்புறத்தில் அணை எழுந்த பிறகு, பொன்னைச் செம்பில் தோய்த்தாற்போன்ற செதிலுடைய கெண்டை ஒன்று அந்த ஆற்றிலிருந்து மறையத் தொடங்கியது. ஆண்டுக்கணக்காக அதைத் தேடித் திரிந்தவளுக்கு, வற்றிக்கொண்டிருந்த மடு ஒன்றில் ஓர் இணை கிடைத்தது. முதல் மழை ஓய்ந்ததும் பெண் கெண்டை முட்டையிட்டது. இட்ட களைப்பிலேயே மறுநாள் இறந்தும் போனது. ஆகவே தொட்டிகளில் இருந்த அந்தத் தாயற்ற குஞ்சுகள்தாம் அந்தக் குலத்தின் எச்சம். அவை முதல் உணவை உண்டு நிமிர்ந்துவிட்டால் ஆற்றுக்கு மீண்டும் அந்தக் கெண்டை உண்டு. இல்லையேல், பெண்ணின் கண்ணுக்கு உவமை சொன்ன பழைய பாட்டுகளின் வரிகளுக்குள் மட்டுமே அது நீந்த வேண்டியதுதான்.

அவளுக்கு இதில் ஐயம் இருக்கவில்லை. பிழைக்கவைத்துவிடலாம் என்றே நினைத்தாள். அவள் எண்ணிப் பாராத ஒன்று உண்டென்றால், அது அவளுடைய மாமனாரின் இரக்கம்.

மாமனாரைக் கரண்டிக்காரர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். பெருங்கூட்டத்துக்குச் சமைப்பவர். மருத்துவமனைகள், விடுதிகள், வெள்ளம் வந்தபோது மக்கள் ஒதுங்கிய மண்டபங்கள் என்று வாழ்நாளெல்லாம் அண்டாக்களோடு போராடியவர். வயிறு நிறைந்த முகத்தைத் தவிர வேறு பரிசு எதையும் பெரிதாக மதியாதவர். மனைவி மறைந்த பின் மகன் வீட்டுக்கு வந்தார். மகனோ மீன்குஞ்சுகளைக் காற்றடைத்த பைகளில் ஏற்றித் தொலைதூரக் குளங்களுக்குக் கொண்டுசெல்லும் லாரிக்காரன். வாரத்தில் பாதி நாள் சாலையில் இருப்பவன். எனவே வீட்டில் மாமனாரும் மருமகளுமே மிச்சம். அடுப்பங்கரை அவர் ஆட்சி, தொட்டிக்கூடம் அவள் ஆட்சி. இரண்டு அரசுகளுக்கும் நடுவே இருந்த நடைவழியில் அன்றாடம் வாய்ச்சண்டையும் சிரிப்புமாகத் தூது நடந்துகொண்டிருந்தது.

குஞ்சு பொரித்த மறுநாள் காலை, தோளில் துண்டோடு வந்து தொட்டிகளின்முன் குனிந்து நின்றார் கரண்டிக்காரர்.

“என்னம்மா இது, பிள்ளைங்க எல்லாம் கண்ணாடியில ஒட்டிக்கிட்டுத் தொங்குது? சாப்பிட ஏதாவது போட்டியா?”

“இல்ல மாமா.”

“நேத்தும் போட்ட மாதிரி தெரியலையே.”

“நேத்தும் போடல. இன்னிக்கும் போட மாட்டேன்.”

“நல்லா இருக்கும்மா உன் நியாயம்! தாயில்லாத பிள்ளைங்க. மாற்றாந்தாய்கூட மத்தியானத்துக்கு ஒரு வாய் குடுப்பா.”

அவள் சிரித்துக்கொண்டே ஒரு குஞ்சைத் துளி நீரோடு எடுத்துச் சிறு கண்ணாடித் தட்டில் இட்டு, உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தாள். கண்ணிமை மயிரின் நீளம். கண்ணாடியினும் தெளிந்த உடல். அதில் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள். உள்ளே சிற்றிதயம் துடிப்பதுகூடத் தெரிந்தது. கரண்டிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்.

“வயித்துக்குக் கீழ உருண்டையா, மஞ்சளா ஒண்ணு தெரியுதா?”

“தெரியுது. தொந்தி. என்னை மாதிரி.”

“தொந்தி இல்ல மாமா. அவங்க அம்மா கட்டிக் குடுத்து அனுப்பின பொதிசோறு. வழியில பசிச்சா சாப்பிடுன்னு உடம்போடயே கட்டி விட்டிருக்கா. இப்போ அதைத்தான் கரைச்சுக் கரைச்சு வளருது.”

“ஓகோ.” அவர் குரல் கனிந்தது. “மவராசி, செத்தாலும் சோறு கட்டி வச்சுட்டுத்தான் போயிருக்கா. சரி, வாய் எங்க இருக்கு?”

“இன்னும் வரல.”

“வாயே இல்லையா!”

“மூடியிருக்கு. தாடை வளரணும், வாய் தொறக்கணும், குடலுக்கு வழி விடணும். அது வரைக்கும் நீங்க அமுதத்தையே கொண்டாந்து ஊத்தினாலும் அது தண்ணியில கிடந்து அழுகும். தண்ணி கெடும். தண்ணி கெட்டா எல்லாம் போச்சு.”

“அப்புறம் எப்பதான் போடுவ?”

“பொதிசோறு தீரப் போற சமயத்துல வாய் தொறக்கும். அப்போ எதிர்ல சாப்பாடு தயாரா இருக்கணும். தாமதமாச்சுன்னா பசியில துவண்டு போயிடும் மாமா. அதுக்கப்புறம் மூக்குக்கு நேரா வச்சாலும் கடிக்கத் தெம்பு இருக்காது. முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது.”

“சாப்பாடு தாமதமாச்சுன்னு என்னை இது வரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல.”

“சீக்கிரமாச்சுன்னு சொன்னதுண்டா?”

“சீக்கிரமா போட்ட சோத்துக்கு யாரும்மா கோவிச்சுக்குவாங்க?”

“இவங்க கோவிச்சுக்குவாங்க. தொடாதீங்க மாமா.”

“தொடல தாயே, தொடல” என்று இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். கைகள்தாம் மேலே போயின. மனம் தொட்டிக்குள்ளேயே விழுந்து கிடந்தது.

பொதிசோறு நாளுக்கு நாள் சுருங்கியது. தொட்டிக்காரி அடிக்கடி உருப்பெருக்கியின் கீழ் குஞ்சுகளை வைத்துப் பார்த்தாள். தாடை கீறலாகத் தோன்றி, மெல்ல உருக்கொண்டது. வாய் திறக்கும் வேளை மிக அணித்தாக வந்துவிட்டதென்று கண்டதும், சன்னற் சாடிகளில் இருப்பது இத்தனை வாய்களுக்குப் போதுமா என்று ஓர் எச்சரிக்கை அவளுக்குள் எழுந்தது. பக்கத்துத் தெருக் கோடியில் இருந்த குளக்காரரின் குளத்தில் அத்தகைய நுண்ணுயிர்கள் செழித்திருப்பதை அவள் அறிவாள். பட்டினும் மெல்லிய வலையில் அள்ளிக்கொண்டு வந்துவிடலாமென்று காலையில் வாளியோடு புறப்பட்டாள்.

“மாமா, பம்பு நின்னா மட்டும் எனக்குப் போன் பண்ணுங்க. வேற எதுவும் செய்ய வேண்டாம்.”

“வேற என்னம்மா செய்யப் போறேன், போயிட்டு வா.”

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நொடியில் அவர் மனத்தில் வேறு எண்ணமே இல்லை. வெறுமனே ஒரு முறை எட்டிப் பார்க்கலாமே என்றுதான் கூடத்துக்குள் போனார். போனவர் கண்ட காட்சி அவரை உலுக்கிவிட்டது. இத்தனை நாளும் கண்ணாடியில் ஒட்டித் தொங்கியவை இன்று பிடிவிட்டு எழுந்திருந்தன. அடியிலிருந்து துடித்துத் துடித்து மேலேறின, நீரின் மேற்பரப்பில் முகத்தை முட்டின, களைத்துக் கீழே விழுந்தன, மீண்டும் ஏறின. ஆயிரமாயிரம் சிறு முகங்கள் மேல்நோக்கித் தவித்தன. தட்டோடு வரிசையில் நிற்கிறவர்களின் முகங்களை வாழ்நாளெல்லாம் பார்த்த மனிதருக்கு அதன் பொருள் ஒன்றாகத்தான் பட்டது.

“பசிடா சாமி” என்றார் தமக்குத்தாமே. “இதுக்கு மேல பார்த்துக்கிட்டு நிக்க நான் கல்லா?”

அதன்பின் அவர் செய்தது அனைத்தும் அவரளவில் குற்றமற்றது. முட்டைகளைப் பதமாக அவித்தார். மஞ்சட்கருவை மட்டும் எடுத்து வெந்நீரில் குழைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டி, வடித்ததைத் திரும்பவும் வடித்து, பால்போல் ஆக்கினார். பிறந்த குழந்தைக்கு வலு வேண்டுமே என்று நல்ல வெண்ணெயில் ஒரு கரண்டி உருக்கிக் கலந்தார். பந்தியில் பாரபட்சம் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே ஒரு தொட்டியையும் விடாமல் வரிசையாகப் பரிமாறினார். உண்ணும்போது இரைச்சல் எதற்கு என்று காற்றுக்குழாயின் திருகையும் பாதி அடைத்தார். மூலைத் தொட்டிக் குஞ்சுகள் சற்று நோஞ்சானாகத் தோன்றியதால், அவற்றுக்கு மட்டும் மறுசோறும் இட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பிள்ளைகள் உண்ணும் அழகைக் காண நிறைந்த மனத்தோடு உட்கார்ந்தார்.

தொட்டிக்காரி வாளியோடு உள்ளே வந்ததும் முதலில் மூக்குத்தான் செய்தி சொன்னது.

“வெண்ணெய் வாசம் வருது.”

கரண்டிக்காரர் எழுந்து நின்றார். “அது வந்தும்மா, ரொம்பத் தவிச்சுதுங்க. வாயைப் பிளந்து பிளந்து மேல வந்து கேட்டுதுங்க. கொஞ்சூண்டு…”

அவள் வாளியை வைத்துவிட்டு முதல் தொட்டியின்மேல் குனிந்தாள். நீர் லேசாக வெளிறியிருந்தது. மேற்பரப்பில், சன்னலின் ஒளி பட்ட இடமெல்லாம், மயிலின் கழுத்தில் ஓடும் நிறங்களைப்போல் ஒரு பளபளப்பு படர்ந்திருந்தது. குஞ்சுகள் மேலேறி அந்தப் பளபளப்பில் முட்டின, முட்டி வழுக்கின, விழுந்தன. ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் அதே.

“எல்லாத்துக்கும் போட்டீங்களா?”

“பந்தியில ஒருத்தனை விட்டுட்டு இன்னொருத்தனுக்குப் போடுற பழக்கம் எனக்கு இல்லம்மா.”

“ஆமா. அந்தப் பெருந்தன்மைதான் இப்போ குலத்தையே வளைச்சுப் பிடிச்சிருக்கு.” அவள் குரல் உயரவில்லை. “மாமா, அதுங்க சோத்துக்கு வரல. மூச்சுக்கு வந்துச்சு.”

“மீனுக்கு எதுக்கும்மா மேல வந்து மூச்சு?”

“உள்ளுக்குள்ள ஒரு சின்னப் பை இருக்கு. பலூன் மாதிரி. பொறந்ததுக்கப்புறம் தண்ணிக்கு மேல வந்து ஒரு மொடக்குக் காத்தை விழுங்கி அதை நிரப்பிக்கணும். வாயில இப்போ விட்டிருக்கிற கீறல் காத்துக்குப் போதும், சோத்துக்குத்தான் போதாது. நிரப்பிக்கிட்டாத்தான் தண்ணியில அசையாம நிக்க முடியும். நின்னாத்தான் இரையைக் குறி பார்க்க முடியும். இல்லன்னா கீழ விழாம இருக்கவே துடிச்சுக்கிட்டே இருக்கணும். பொதிசோறும் தீரப் போகுது, துடிச்சே செத்துடும். இப்போ உங்க வெண்ணெய் மேல கதவு போட்டு அடைச்சிருக்கு.”

கரண்டிக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கின.

“அழுறதுன்னா வெளிய போய் அழுங்க மாமா. உப்புத் தண்ணி இதுங்களுக்கு ஆகாது.”

கடுமையான சொல்தான். ஆனால் அந்தச் சொல்லின் அடியில் ஒரு தரை இருந்தது. அவர் அதில் காலூன்றி நின்றார். அழவில்லை.

தொட்டிக்காரி யோசித்தாள். தண்ணீரை அடியிலிருந்து இறக்கினால் எண்ணெய்ப் படலமும் கூடவே இறங்கிக் குஞ்சுகளைப் போர்த்திவிடும். மேலே வழியவிட்டால் குஞ்சுகளும் வழிந்துபோகும். அவற்றைத் தடுக்கும் அளவுக்கு நுண்ணிய வலையோ எண்ணெய் பட்டதும் அடைத்துக்கொள்ளும். கலக்கினால் படலம் துளிகளாக உடைந்து நீர் முழுதும் பரவும். காற்றுக்குழாயின் திருகைப் பார்த்தாள். அது பாதி அடைபட்டிருந்தது.

“இதை யார் மூடினது?”

“நான்தான். சாப்பிடும்போது சத்தம் எதுக்குன்னு…”

“இன்னிக்கு நீங்க செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான். குமிழி வேகமா வந்திருந்தா எண்ணெய் உடைஞ்சு பரவியிருக்கும். இப்போ மேலயே பாயை விரிச்ச மாதிரி கிடக்கு.” நிமிர்ந்தாள். “கிடக்கிறதை அப்படியே எடுக்கணும். தண்ணி ஆடக் கூடாது. எப்படின்னுதான் பார்க்கணும்.”

கரண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். “எண்ணெயைத் தனியா எடுக்கணுமா?”

“ஆமா.”

“கீழ இருக்கிறது கலங்காம?”

“ஆமா மாமா.”

“அட, அது நான் தினமும் செய்யற வேலையாச்சே!” குனிந்திருந்த முதுகு நேரானது. “மருத்துவமனையில நோயாளிக்குச் சாறு வைப்போம். மேல கொழுப்பு ஒரு சொட்டு நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுவாரு. அண்டா நிறையச் சாறு, அதுல கரண்டியை விட்டா கலங்கிடும். உலர்ந்த துணியை ஒரு ஓரத்துல தொட வச்சு, பிள்ளையைப் படுக்க வைக்கிற மாதிரி மெதுவா மேல படுக்க வைப்பேன். துணி எண்ணெயைக் குடிச்சுக்கும். அப்புறம் தூக்கக் கூடாது. பக்கவாட்டுல உரிக்கணும்.”

“துணியோட குஞ்சும் வந்துடுமே?”

“அது உன் பாடு. சாறுல குஞ்சு கிடையாது.”

அவள் தொட்டிகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். பிறகு பளிச்சென்று முகம் தெளிந்தது. “சன்னலையெல்லாம் மூடுங்க மாமா. போர்வை, ஜமுக்காளம், எது கிடைச்சாலும் போட்டு மூடுங்க. கூடம் இருட்டணும். இந்த வயசுல இதுங்களுக்கு வெளிச்சம்னா உயிர். விளக்கைத் தொட்டிக்கு அடியில வச்சா எல்லாம் கீழ இறங்கிடும். மேல நீங்க உங்க துணியைப் படுக்க வைக்கலாம்.”

நடுப்பகலில் அந்தக் கூடம் இருண்டது. தொட்டிகளின் அடியில் மட்டும், கண்ணாடியை ஒட்டி வைத்த சிறு விளக்குகள் ஒளிர்ந்தன. மேலே தவித்துக்கொண்டிருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, யாரோ அழைத்தாற்போல் ஒளியை நோக்கி இறங்கின. கரண்டிக்காரர் தம் வடிகட்டும் துணிகளை எல்லாம் கொண்டுவந்து தோளில் அடுக்கிக்கொண்டார். முதல் துணியை இரு முனையிலும் பிடித்து, ஓரத்தை நீரில் தொடவைத்து, மூச்சுக்கூட விடாமல் மெல்ல மெல்லப் படியவிட்டார். துணி கருத்து நனைந்தது. ஒரு பக்கமாக உரித்தார். உரித்த இடத்தில் நீர் தன் இயல்பான முகத்தைக் காட்டியது.

“வருதும்மா!”

“பேசாதீங்க, தண்ணி ஆடுது.”

உரித்த துணி ஒவ்வொன்றையும் அவள் விளக்கருகே விரித்து, உருப்பெருக்கியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். தப்பித் தவறி ஒட்டிவந்த குஞ்சுகளைத் துளிக்குழாயால் எடுத்து மீண்டும் நீரில் விட்டாள். அவர் ஒரு துணியைப் படுக்கவைக்க, அவள் மற்றொன்றைச் சோதிக்க, வேலை ஒரு தாளத்தில் விழுந்தது. மேற்பரப்பு தெளிந்த தொட்டிகளில், அடியில் தங்கிய மஞ்சட்கருக் குழம்பை மெல்லிய குழாய் வைத்து உறிஞ்சி இறக்கினாள். அதே அளவு புதுநீரை, சூடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, சொட்டுச் சொட்டாக விட்டாள்.

இடையில் லாரிக்காரன் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

“என்ன, குஞ்சுங்க சாப்பிட்டுச்சா?”

“உங்கப்பா விருந்தே வச்சுட்டாரு.”

“ஐயோ! என்ன போட்டாரு?”

“வெண்ணெய் போட்ட முட்டை.”

லாரியின் உறுமலுக்கு மேல் அவன் குரல் வந்தது. “எனக்கு ஒரு நாள்கூட அப்படிச் செஞ்சு குடுத்ததில்லையே அப்பா.”

“வண்டியைப் பார்த்து ஓட்டுடா” என்றார் கரண்டிக்காரர், நீரிலிருந்து கண்ணெடுக்காமல். அன்று அவர் உதட்டில் முதன்முறையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

மூலைத் தொட்டிதான் பெருந்தொல்லை கொடுத்தது. மறுசோறு விழுந்த தொட்டி அது. எத்தனை துணி படுக்கவைத்தும் பளபளப்பு மீண்டும் மீண்டும் கூடியது. அடிநீரும் கெட்டு நாறியது. அங்கே குஞ்சுகள் விளக்கின் பக்கம்கூட வராமல் அடியில் முடித்துணுக்குகளைப்போல் சிதறிக் கிடந்தன. தொட்டிக்காரி அவற்றை வெகுநேரம் பார்த்தாள். அசைந்தவற்றைத் துளிக்குழாயால் பொறுக்கி வேறு தொட்டிக்கு மாற்றினாள். பெரும்பாலானவை அசையவில்லை.

“நோஞ்சானாச்சேன்னு கூடப் போட்டேன்” என்றார் கரண்டிக்காரர்.

“தெரியும் மாமா.” அவள் தொட்டியின் நீரை வெளியேற்றும் குழாயைத் திறந்தாள். “இது போச்சு. போனது போனதுதான், நான் பூசி மெழுகல. மத்தது பிழைக்கும். நான் சொல்றேன், பிழைக்கும்.”

மாலை சரிந்தபோது போர்வைகளை விலக்கினார்கள். மேற்கு வானத்தின் மிச்ச ஒளி கூடத்துக்குள் பரவி, தொட்டிகளின் மேற்பரப்பில் படிந்தது. இப்போது அங்கே மயிற்கழுத்து நிறம் இல்லை. வானம் மட்டும் தெரிந்தது. அடியில் இருந்த விளக்குகளை அவள் அணைத்தாள். குஞ்சுகள் திகைத்தாற்போல் சற்றே நின்று, பிறகு மேலே எழத் தொடங்கின.

ஒன்று மேலேறியது. மூக்கால் நீரின் தோலைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஊசிமுனைக் குழி ஒன்று விழுந்து மறைந்தது. அது திரும்பியபோது அதன் உடலுக்குள், தலைக்குச் சற்றுப் பின்னால், கடுகினும் சிறிய வெள்ளிமணி ஒன்று மின்னியது. இதுவரை கீழே விழுந்துகொண்டே இருந்த அந்த உயிர், நடுநீரில், எதையும் பற்றாமல், அசையாமல் நின்றது.

“நிக்குதும்மா!” என்றார் கரண்டிக்காரர்.

“நிக்குது மாமா.”

பிறகு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோன்றிய வெள்ளிமணிகள், இரவு தொடங்கும் வானில் மீன்கள் பூப்பதுபோல், தொட்டி முழுவதும் பூத்துக்கொண்டே போயின.

மறுநாள் விடிந்து வெயில் சன்னற் பலகைக்கு வந்தபோது, தொட்டிக்காரி உருப்பெருக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பொதிசோறு தீர்ந்து ஒரு மஞ்சள் நிழலாக மட்டும் எஞ்சியிருந்தது. கீழ்த்தாடை இறங்கி ஏறி இறங்கியது. இரை கொள்ளும் அளவுக்கு வாய் திறந்துவிட்டது.

“மாமா!” என்று நடைவழியில் குரல் கொடுத்தாள். “பந்தி தயார். பரிமாற வாங்க.”

அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது. “நீயே போடும்மா. என் கை வேண்டாம்.”

அவள் அங்கேயே போய் நின்றாள். அவர் தேய்த்த பாத்திரத்தையே திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன், கைக்கு என்ன?”

“நேத்து ஒரு தொட்டியைக் காலி பண்ணின கைம்மா.”

“மத்த தொட்டியையெல்லாம் காப்பாத்தினதும் அதே கைதான். நான் அந்தத் துணியை ஒரு தடவை பிடிச்சிருந்தாலே தண்ணி கலங்கியிருக்கும்.” அவள் சிரித்தாள். “உங்களை மன்னிக்கிறதுக்காகக் கூப்பிடல மாமா. அதிலெல்லாம் எனக்கு நேரம் இல்ல. ஒரே சீரா, சிந்தாம, எல்லாருக்கும் சமமாப் போடணும். எனக்கு அந்தக் கை கிடையாது. வாங்க. வெண்ணெயை மட்டும் கொண்டு வராதீங்க.”

“சும்மா இரும்மா” என்றார். ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

குளத்திலிருந்தும் சாடிகளிலிருந்தும் வடித்தெடுத்த நுண்ணுயிர்கள் ஒரு கிண்ணத்து நீரில் இருந்தன; ஒளியில் தூக்கிப் பிடித்தால் புழுதி நடனமாடுவதுபோல் தெரியும். கரண்டிக்காரர் துளிக்குழாயில் அதை எடுத்து, முதல் தொட்டியின் ஓரமாக, நீர் உணராதபடி விட்டார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கை தளராமல், மிகாமல், குறையாமல் நகர்ந்தது. அண்டாவிலிருந்து ஆயிரம் பேருக்குப் பகிர்ந்த கை அது. துளியையும் அப்படியே பகிர்ந்தது.

சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. குஞ்சுகள் நடுநீரில் நின்றன. உணவு அவற்றைச் சுற்றி மிதந்தது. கரண்டிக்காரர் மருமகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணிமைக்கவில்லை.

கண்ணாடிக்கு மிக அருகில் நின்ற குஞ்சு ஒன்று தன்முன் மிதந்த அணுவை நோக்கி இரு கண்களையும் திருப்பியது. உடலை வில்லாக வளைத்தது. பாய்ந்தது, தப்பியது. முதன்முதல் எழுத்து எழுதும் கையைப்போல் தடுமாறித் தன்னைச் சரிசெய்துகொண்டது. மறுபடி வளைந்தது, பாய்ந்தது, மீண்டும் தப்பியது.

“அடப் பாவி, கிட்டத்துலதான் இருக்கு, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்று முணுமுணுத்தார் கரண்டிக்காரர்.

மூன்றாவது பாய்ச்சலில் அந்த அணு காணாமற் போயிற்று. குஞ்சு வாயை மூடித் திறந்தது. தான் செய்ததைத் தானே வியப்பதுபோல் ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்ததைத் தேடித் திரும்பியது. அதன் அருகில் இருந்தது வளைந்தது. அதற்கும் அப்பால் இருந்தது பாய்ந்தது. தொட்டி முழுதும் கண்ணுக்கு எட்டியும் எட்டாத சிறு விற்கள் வளைந்து வளைந்து நிமிர்ந்தன. வெயில் சற்று ஏறியபோது, கண்ணாடியினும் தெளிந்த அந்த உடல்களுக்குள், இதுவரை வெறுமையாக இருந்த இடத்தில், பச்சையும் சாம்பலும் கலந்த நூல்போன்ற கோடு ஒன்று தெரிந்தது.

“அது என்னம்மா, வயித்துல கோடு?”

“சாப்பாடு மாமா. வயிறு நிறைஞ்சிருக்கு.”

அவர் கடைசித் தொட்டி வரை பரிமாறிவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து, துளிக்குழாயைக் கழுவி வைத்தார்.

தொட்டிக்காரி கைகளைக் கழுவிக்கொண்டு வந்தாள். அவள் உரக்க வேண்டிக்கொள்கிறவள் அல்லள்; தன் வேலையைத் தானே செய்துகொள்ளத் தெரிந்தவள், பிறரிடம் கேட்கக் கூசுகிறவள். ஆனால் ஆண்டுக்கணக்கில் தேடியது அங்கே, ஒரு கண்ணாடிக்கு அப்பால், உண்டு நின்றது. அவள் மண்டியிட்டு அமர்ந்தாள். குளிர்ந்த தொட்டி விளிம்பின்மேல் நெற்றியை வைத்து, கைகளைக் குவித்தாள். உதடுகள் அசைந்தன, ஓசை எழவில்லை. கேட்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. பெற்றதை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்வது மட்டுமே மிச்சம் இருந்தது. கரண்டிக்காரரும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்களை மூடி, அவளுக்குப் பின்னால் நின்றார். பம்பின் ரீங்காரம் மட்டும் ஒரே சுருதியில் ஒலித்தது.

பிறகு அவர் முன்னால் வந்தார். வலக்கையை நீரின்மேல், நீரைத் தொடாமல், கவிழ்த்துப் பிடித்தார்.

“பசியாறுங்க கண்ணுங்களா. வயிறு நிறையட்டும், வால் வலுக்கட்டும். உங்க ஆறு உங்களை வா வான்னு கூப்பிடட்டும். பெருகி, வாழையடி வாழையா நல்லா இருங்க.”